புகை விடுங்கள்

மார்ச் 4, திங்கள்
சுகாதார நிலையத்து நர்ஸக்கா எங்கள் அச்சகத்துக்குச் சுவரொட்டி வேலை கொண்டுவந்தார். 'புற்றுநோய் ஆபத்தைக் குறைக்க எட்டுப் பழக்கங்கள்.' காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுங்கள். தினமும் அரை மணி நடங்கள். எடை கூடாமல் பாருங்கள். மதுவைத் தொடாதீர்கள். எல்லாம் சரிதான். யாருக்குச் சொல்கிறார்கள்? பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பக்கம் அமைக்கிற எனக்கா? பத்து மணி நேரம் அச்சு இயந்திரத்தோடு நிற்கிற மெஷின் அண்ணனுக்கா?

வாசலில் ஒரு சிகரெட் ஊதிவிட்டு வந்துதான் இதைத் தட்டச்சு செய்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.

மார்ச் 6, புதன்
நான்காவது வரி கட்டத்துக்குள் அடங்கவில்லை. 'புகைப்பதை விடுங்கள்.' எழுத்தைச் சிறிதாக்கினால் அசிங்கம். மூன்று எழுத்தை வெட்டினேன். அடங்கிவிட்டது.

மார்ச் 8, வெள்ளி
மானம் போச்சு.

இரண்டாயிரம் சுவரொட்டியும் அடித்துக் கட்டுப் போட்ட பிறகு நர்ஸக்கா வந்து உரக்க வாசித்தார். "எடை கூடாமல் பாருங்கள். புகை விடுங்கள்." நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, நேரா விடணுமா, வட்ட வட்டமா விடணுமா?"

நாலு தடவை படிச்சேனே, கண்ணு என்ன பிடரியிலயா இருந்துச்சு? ஊதறவன் கண்ணுக்கு அது தப்பாவே தெரியல.

மெஷின் அண்ணன் சட்டைப்பையைத் தடவினார். "கவர்மெண்டே சொல்லிருச்சு, அப்புறம் என்ன?"

முதலாளி சிரிக்கவில்லை. திங்கள் முதல் நானும் அண்ணனும் ஒவ்வொன்றிலும் திருத்தத் துண்டு ஒட்ட வேண்டும். அண்ணன் என்ன தப்பு செய்தார்? முதல் தாளைச் சரிபார்த்தது அவராம்.

மார்ச் 11, திங்கள்
கை முழுக்கப் பசை. பசைக்கையோடு சிகரெட் எடுக்க முடியாது. மதியத்துக்குள் எனக்குத் தலை கிறுகிறுத்தது. பாவம் பார்த்து நர்ஸக்காவும் கூட உட்கார்ந்து ஒட்டினார். அண்ணன் கொட்டாவி விட்டார். அக்காவின் கை நின்றது.

"வாயத் திறங்க. நாக்கு ஓரத்துல என்ன புண்ணு? எத்தனை நாளா?"

"ஒரு மாசம் இருக்கும். சூடுதான்க்கா."

"மூணு வாரத்துல ஆறாத புண்ணச் சூடுன்னு விடக்கூடாது. நாளைக்கே டாக்டர்கிட்ட வாங்க."

மார்ச் 12, செவ்வாய்
அண்ணன் போகவில்லை. அழைப்பிதழ் அவசரமாம், லீவு இல்லையாம்.

மார்ச் 13, புதன்
முதலாளியிடம் போனேன். அண்ணனை அனுப்புங்கள், மெஷினை நான் ஓட்டுகிறேன் என்றேன்.

"நீயா? ரெண்டு வார்த்தை ஒழுங்கா அடிக்கத் தெரியல உனக்கு."

"தாள் வீணாப் போனா வேற அடிக்கலாம் சார். அவருக்கு நாக்குப் போச்சுன்னா, அத நீங்க அடிச்சுக் குடுப்பீங்களா?"

என் வேலையும் போகும் என்றுதான் நினைத்தேன். அனுப்பிவிட்டார்.

மார்ச் 14, வியாழன்
புண்ணிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். முடிவு வர ஒரு வாரம். அண்ணன் தன் சிகரெட் பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டார். நானும் போட்டேன். என்னுடையதில் இரண்டுதான் இருந்தது, பெரிய தியாகமெல்லாம் இல்லை.

மார்ச் 19, செவ்வாய்
அண்ணன் யாரோடும் பேசுவதில்லை. அண்ணி இரண்டு தடவை போன் செய்து என்னிடம் விசாரித்தார்.

நேற்று ஒரு சிகரெட் பிடித்துவிட்டேன். இங்கேயும் பொய் எழுதினால் வேறு எங்கே உண்மை சொல்வது?

மார்ச் 22, வெள்ளி
புற்று இல்லை. இல்லவே இல்லை. உடைந்த கடைவாய்ப் பல் உரசி உரசி வந்த புண். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். "இந்தத் தடவ பல்லு" என்றாராம் டாக்டர். அந்த 'இந்தத் தடவ'யை அண்ணன் என்னிடம் மூன்று முறை சொன்னார்.

ஏப்ரல் 5, வெள்ளி
சிகரெட்டை விட்ட அண்ணன் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். காகிதம் சரியில்லை, மை சரியில்லை, என் முகமே சரியில்லை. முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "அவனுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துத் தொலைடா, தாங்க முடியல."

அண்ணன் காதில் விழுந்துவிட்டது. மெஷினை நிறுத்தினார். "எனக்கு ஒண்ணும் வேணாம். அந்த ஜன்னலத் திறங்க, வாய மூடிக்கறேன்."

தாளில் தூசி படியும் என்று ஆறு வருடமாக ஆணியடித்து வைத்த ஜன்னல். மை கழுவுகிற எண்ணெயின் நெடி முழுக்க எங்கள் நெஞ்சுக்குள்தான் போனது. அந்த எட்டுப் பழக்கங்களில் முதலாளிகளுக்கென்று ஒன்றுகூட இல்லை.

முதலாளி சுத்தியல் கேட்டார்.

பதினொரு ஆணி. வேர்த்து விறுவிறுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நாங்கள் இருவரும் உதவிக்குப் போகவில்லை.