பத்து வாரப் பனி

ஜனவரி 9, 1963. புதன்

கால்வாய் உறைந்து பதினைந்தாவது நாள். என் கணவன் ஏபெல் காலையில் நீளக் கழியால் பனிக்கட்டியைக் குத்திப் பார்த்தான். கழிமுனைதான் உடைந்தது. உள்ளே வந்து டீ கேட்டான்.

இந்த வளைவில் எங்கள் படகும் அவன் அக்கா கெசையாவின் குதிரை இழுக்கும் படகும்தான். கரையில் அவள் குதிரை சாம்சனுக்கு ஒரு தார்ப்பாய்க் கொட்டகை. வேறு மனித வாடை இல்லை. மூன்று மைல் நடந்து மகள் ரோடாவுக்குப் பால் வாங்கப் போனேன்.

"படகுக்காரங்களுக்குப் பாலா? ஊர்க் குழந்தைகளுக்கே இல்லம்மா" என்றார் கடைக்காரர். பிறகு பாதி பாட்டில் கொடுத்தார். வரும் வழியில் அதுவும் உறைந்து மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

ஜனவரி 12

எங்கள் கரி தீர்ந்தது. எழுதவே சிரிப்பாக வருகிறது. பத்தடி அறைக்குள் மூன்று பேர் நடுங்குகிறோம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்தைந்து டன் நிலக்கரி. காகித ஆலைக்குப் போகவேண்டிய சரக்கு. ஏபெல் தொடவிட மாட்டேன் என்கிறான்.

"ஏத்தினவன் நம்மள நம்பி ஏத்தினான், எல்சி."

"ஏத்தினவன் வீட்ல அடுப்பு எரியுது."

"அதுக்கு?"

இருமல் வந்து அவனை மடக்கிப்போட்டது.

ஜனவரி 14

வேலிக்கட்டைகளைப் பிடுங்கி எரித்தோம். ஈரம். வெறும் புகை.

ஜனவரி 18

எடுத்துவிட்டேன். ஏபெல் அசந்திருந்தபோது தார்ப்பாயைத் தூக்கி ஒரு வாளி. அடுப்பு சிவந்ததும் ரோடா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சிரித்தாள். ஏபெல் கண் திறந்து அடுப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். திட்டியிருந்தால் தேவலை.

கெசையாவுக்கும் அரை வாளி கொண்டுபோனேன். கதவைப் பாதி திறந்தாள்.

"திருட்டுக் கரியா?"

"ஆமா."

"அங்கயே வை."

நான் எங்கள் படகுக்குத் திரும்புவதற்குள் வாளி உள்ளே போயிருந்தது. போர்க்காலத்தில் ஆள் பற்றாக்குறைக்குப் படகு வேலை செய்ய வந்த நகரத்துப் பெண் நான். அவள் தம்பியைக் கட்டிக்கொண்டு பதினாறு வருஷம் ஆகிறது. இன்றுவரை என் அடுப்பில் அவள் ஒரு டீ குடித்ததில்லை.

ஜனவரி 22

ஏபெலுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. யாரிடமோ மதகைத் திற, மதகைத் திற என்று உளறுகிறான். கெசையா தானாகவே வந்தாள். அவன் முதுகில் காதை வைத்துக் கேட்டாள்.

"உள்ள தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் கேட்டுச்சு. விடிஞ்சதும் ஆஸ்பத்திரி."

"ரோடு ஆள் உயரத்துக்கு மூடிக்கிடக்கே?"

"ரோடு எதுக்கு? குனிஞ்சு பாரு. காலடியில என்ன கிடக்கு?"

ஜனவரி 23

இன்றே எழுதிவிட வேண்டும்.

படகின் நடைபலகை இரண்டை இணைத்துச் சறுக்குவண்டி ஆக்கினோம். மெத்தையோடு ஏபெலைக் கட்டினோம். சாம்சனின் குளம்புகளுக்குச் சாக்குத்துணி சுற்றினாள் கெசையா. ரோடாவைக் குதிரைமேல் உட்கார வைத்தோம். கால்வாயின் மேலேயே நடந்தோம், ஐந்து மைல். பனிக்கட்டி அடிக்கடி முனகியது. சாம்சன் காதைப் பின்னால் மடித்துக்கொண்டு போனது.

சாயப்பட்டறைப் பாலத்தடியில் பட்டறையின் வெந்நீர் வந்து விழுகிறது. அங்கே பனி மெலிசு. கீழே கறுப்பாகத் தண்ணீர் ஓடுவது தெரிந்தது. குதிரையையும் ரோடாவையும் கரையேற்றி அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினோம். ஏபெலைத் தூக்கிக் கரையேற்ற எங்கள் இருவராலும் முடியவில்லை. கெசையா குப்புறப் படுத்து ஊர்ந்து முன்னால் போய்க் கயிற்றை இழுத்தாள். நான் பின்னால் முழங்காலில் தள்ளினேன். ஒரு இடத்தில் என் கை உள்ளே போய்விட்டது.

"கத்தாத. குழந்த பாக்குது. தள்ளு."

தள்ளினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றாள். என்ன பண்ணிட்டிருந்தோமா? கெசையாதான் பதில் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

ஜனவரி 24

இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. சொல்வதற்கில்லை என்கிறார் டாக்டர்.

பிப்ரவரி 3. ஞாயிறு

உயிரோடு இருக்கிறான். என்னைத் தெரிகிறது. "படகைச் சுத்தி உடைச்சுவிடறியா?" என்றுதான் முதலில் கேட்டான். தினமும் கோடரியால் உடைக்கிறேன். உடைக்காவிட்டால் பனி பலகையை நெருக்கிவிடும். கையெல்லாம் வெடிப்பு.

கவன்ட்ரியிலிருந்து அக்கா டோரிஸ் கடிதம். குழந்தையோடு வந்துவிடு, மாடியறை காலியாக இருக்கிறது, குழாயில் வெந்நீர் வருகிறது. 'குழாயில் வெந்நீர்' என்பதை நாலு தடவை படித்தேன். கெசையாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் என் முகத்தைப் படித்துவிட்டாள்.

"போறதுன்னா போ. சொல்லிட்டுப் போ, அவ்வளவுதான்."

"நான் போனா பனி யாரு உடைக்கிறது?"

"நான் செத்தா போயிட்டேன்?"

பிப்ரவரி 17

ரோடா இன்று அழவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. வேகவைத்த டர்னிப் கிழங்கு, மறுபடியும் டர்னிப். போயிடலாமா? போயிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? ஏபெல் பிறந்தது இந்த அறைக்குள். அவன் திரும்பி வரும்போது அது மிதக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மார்ச் 6. புதன்

கூரையிலிருந்து சொட்டுகிறது! நானும் ரோடாவும் வெளியே போய் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றோம்.

மார்ச் 8

போய்விட்டது.

காலையில் பனி உடைக்கும் இரும்புப் படகு வந்தது. மெதுவா, மெதுவா என்று கெசையா கரையிலிருந்து கத்தினாள். அவர்கள் கை காட்டிவிட்டு அதே வேகத்தில் போனார்கள். கதவு அகலத் துண்டுகள் அலையோடு வந்து எங்கள் பலகையில் மோதின. ஒன்று நீர்மட்டத்தில் கத்தி போல உள்ளே இறங்கியது.

போர்வையைத் திணித்தேன். மெத்தையைத் திணித்தேன். கெசையா இடுப்பளவு தண்ணீரில் நின்று பம்பை அடித்தாள். மூன்று மணி நேரம். கரியின் பாரம் வேறு. கடைசியில் அவள்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு. போதும். விடுடி."

ரோடாவின் துணி, கெட்டில், இந்த நோட்டு. இவ்வளவுதான் எடுக்க முடிந்தது. படகு தரைதட்டி உட்கார்ந்தது. கூரை மட்டும் வெளியே தெரிகிறது. பத்து வாரம் பனியில் நின்றது, இரண்டு நாள் வெயில் தாங்கவில்லை. நான் என்ன சொல்லுவேன் அவன்கிட்ட?

இப்போது கெசையாவின் அறையில் மூவரும். அவள் கட்டிலை எங்களுக்கு விட்டுவிட்டு அடுப்போரம் உட்கார்ந்திருக்கிறாள்.

மார்ச் 15

ஏபெலிடம் சொன்னேன். "கரியைத் தொட்டதுக்குன்னு நீ நினைச்சுக்காத" என்றான். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது?

டாக்டர் சொல்லிவிட்டார்: ஒரு நுரையீரல்தான் மிச்சம், ஈரக்காற்று ஆகாது, இனி படகு வேண்டாம். படகுக் கம்பெனி ஆள் வந்து பார்த்து, பழைய மரம், தூக்குவது வீண் என்று சொல்லிப் போனார்.

மார்ச் 19

கெசையா ரொட்டி வெட்டிக்கொண்டே சொன்னாள்: "மணல் ஏத்த ஆள் கேக்கறாங்க. குதிரைகூட நடக்க ஒருத்தி, சுக்கான் பிடிக்க ஒருத்தி. எனக்கு முட்டி வலி. நடக்கறது நீதான்."

கேள்வியா, உத்தரவா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். டீயை என் பக்கம் தள்ளினாள்.

ஏப்ரல் 28. ஞாயிறு

ஐந்து வாரத்தில் இருபது நடை மணல். ஏபெலும் ரோடாவும் டோரிஸின் மாடியறையில். ரோடா பள்ளிக்கூடம் போகிறாள். தன் பெயரைத் தலைகீழாக எழுதுகிறாளாம்.

இன்று நகரத்துப் பாலத்தைக் கடந்தபோது இருவரும் மேலே நின்றிருந்தார்கள். "இடது பக்கம் ஆழமில்ல, கெசையா, வலது!" என்று கத்தினான் ஏபெல். பாதியில் இருமல்.

"எனக்கே சொல்றான் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் வலது பக்கம் திருப்பினாள்.

ரோடா கையசைத்தாள். நான் சாம்சனின் கடிவாளத்தைப் பிடித்தபடி பாலத்துக்குக் கீழே போனேன். அந்தப் பக்கம் வெளியே வந்தபோது ஏபெலும் எதிர்க் கைப்பிடிச் சுவருக்கு வந்திருந்தான். ரயில்வே வளைவு வரை பார்த்துக்கொண்டே நடந்தேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.