எதிர்வீட்டுத் தயிர்

அன்பான என் வீட்டுக்காரருக்கு, முழங்கால் வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

நான் இங்கே வந்து வேலை பார்க்கிற பால் கம்பெனியில நேத்து எல்லார் கையையும் சோதிச்சாங்க. சோப்பு போட்டுக் கழுவின கையிலயும் பாக்டீரியா குடியிருக்குதாம். என் கையிலதான் அதிகம்னு ஒரே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரல. எதிர்வீட்டு அக்கா தினமும் தயிர் கொடுத்தனுப்புறாங்க, கெட்டியா இருக்குன்னு எழுதியிருந்தீங்களே. அவங்க கையிலயும் உறைமோர்லயும் இருக்கிற பாக்டீரியா எல்லாம் இப்போ உங்க வயித்துல குடித்தனம் நடத்துது. நான் விட்டுட்டு வந்த உறை என்ன ஆச்சு? தினமும் புதுப் பால் சேர்க்கலன்னா செத்துடும். இங்கே நான் தனியா டப்பாத் தயிர்தான் சாப்பிடுறேன்.

இனிமே பாலை வெதுவெதுப்பா வெச்சு நீங்களே உறை ஊத்துங்க. கம்பெனி வண்டி வந்துடுச்சு, கிளம்புறேன். அவங்க கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்துடுங்க. வெறும் கிண்ணமாவே கொடுங்க, தப்பில்ல.