இவர் தோளுக்கு எண்ணெய்

மார்கழி 3, புதன்
பனி. கிணற்று நீர் விறைக்கிறது. இவருக்கு எண்ணெய் ஸ்நானம். முதுகு தேய்த்துவிடுவது என் வேலை. வலத்தோளில் உள்ளங்கை அகலத்துக்கு வறண்டு செதில் செதிலாக இருந்தது. பலம் கொண்ட மட்டும் நல்லெண்ணெய் தேய்த்தேன், அப்புறம் சீயக்காய் போட்டு அதே மாதிரி. கல்யாணமாகி நாலு மாதம், இவ்வளவு நேரம் பக்கத்தில் நின்றது இன்றுதான். இவர் வாயே திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவம்.

மார்கழி 4, வியாழன்
தோள் வெடித்து ரத்தம். இவருக்குக் கோயிலில் பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணும் கைங்கர்யம். ரத்தம் கசிகிற உடம்போடு கூடாது. நாளை பகல்பத்து ஆரம்பம், ஆறும் வரை வர வேண்டாம் என்றுவிட்டார்கள். பகல்பத்து முடிந்ததும் வைகுண்ட ஏகாதசி, அதற்குள் ஆறுமா? இடத்தோளில் தூக்கினால் என்ன என்று கேட்டேன். முறைத்தார். தோள் மாறினால் கூட வருகிறவர்கள் நடையும் கெடுமாம். எல்லாம் என் கை வேலை. அழுகை. ரசத்தில் உப்பு இரண்டு தரம்.

5, வெள்ளி
பஸ்ஸில் டவுனுக்கு. தெப்பக்குளம் டாக்டர் தோளைப் பார்த்தார், பிறகு என் கையை.
"தொத்து இல்லீங்க, பனிக்கு வறண்ட தோல்தான். நீங்க துணி துவைக்கிற மாதிரி தேய்ச்சிருக்கீங்க."
இவர் சிரித்துவிட்டார்! சீயக்காய், கொதிக்கும் வெந்நீர் கூடாது. இப்போதைக்குத் தேங்காயெண்ணெய் பூசினால் போதும். வெடிப்பு மூடினதும் தினம் விரலால் மெதுவாக. திரும்பும்போது கொய்யா வாங்கித் தந்தார்.

8, திங்கள்
ஆண்களுக்கு எண்ணெய் புதனும் சனியும்தானே, திங்கட்கிழமை என்ன கூத்து என்று மாமியார். மருந்து என்றேன்.
"மருந்துன்னா மூஞ்சியைச் சுளிச்சுண்டுன்னா சாப்பிடுவா. இவன் சிரிச்சுண்டு உக்காந்திருக்கான்."

11, வியாழன்
வெடிப்பு மூடிவிட்டது. இன்று முதல் விரலால். தேய்க்கத் தேய்க்கப் பேசுகிறார். முன்னால் தூக்குகிறவர் குட்டை என்பதால் படும் பாடு, காவேரியில் நீந்தப் போய் அடி வாங்கினது, என் குழம்பில் புளி தூக்கல். இவருக்கு இவ்வளவு பேச வருமா!

14, ஞாயிறு
கோயிலிலிருந்து பெரியவர் வந்து தோளைத் தடவிப் பார்த்தார். நாளைக்கு வரச் சொல்லிவிட்டார். மாமியார் எனக்குத் தலை பின்னிவிட்டார், தானாக.

15, திங்கள். ஏகாதசி
எண்ணெய் தொடக் கூடாத நாள். விடியுமுன்னே கூட்டத்தில் நசுங்கல், ஒரு வளையல் போச்சு. சொர்க்கவாசல் திறந்தது. எல்லாரும் பெருமாளைச் சேவித்தார்கள். நான் முதலில் அந்தத் தோளைப் பார்த்தேன். ரங்கா, மன்னித்துக்கொள். அப்புறம் உன்னைத்தான் பார்த்தேன்.

18, வியாழன்
நல்ல வெயில். மிளகாய் காயப் போடலாம். தோள் வழவழவென்று இருக்கிறது, இனி எண்ணெய் வேண்டியதில்லை. மூன்று நாளாக எண்ணெயும் இல்லை, பேச்சும் இல்லை. எனக்கு மனசே சரியில்லை. அடுப்படி வாசலில் வந்து நின்றார்.
"இன்னும் கொஞ்சம் அரிக்கறது."
எங்கே என்றேன். இடத்தோளைக் காட்டினார். அதில் ஒருநாளும் ஒன்றும் இருந்ததில்லை. கூடத்தில் மாமியார் கிழமையை நினைவூட்டுவது போல இருமினார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன்.