அட்டையில் போட்ட பேர்

பிப்ரவரி 9

அன்புள்ள கத்திக்கு,

பத்திரமா வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ல கிடாரைக் கைக்குழந்தை மாதிரி மடியிலேயே வெச்சிருந்தேன். மகளும் மாப்பிள்ளையும் ஸ்டூடியோ கதையைக் கேட்டுக் கேட்டு என்னைத் தூங்க விடலை.

டைப்ரைட்டரையும் தகரத்தையும் மேடையேத்தி, கவிதையைக் கத்தி, வந்தவங்க காதைப் பொத்திக்கிட்டு ஓடின நம்ம பங்க் கும்பல்ல மிச்சம் நீயும் நானும்தான். இத்தனை வருஷம் கழிச்சு நீ ஆல்பம் போடறப்போ என்னைக் கூப்பிட்டியே, அது போதும். ஆனா என் கை இப்போ சட்டைப் பட்டனோடவே மல்லுக்கு நிக்குது. நான் வாசிச்சது சரியா வந்திருக்கா? ஒளிக்காம எழுது. என் எழுத்து கோணலா இருக்கும், திட்டாதே.

உன்
கம்பி

*

பிப்ரவரி 27

அன்புள்ள கம்பி,

பதில் தாமதமாயிடுச்சு, கோவிச்சுக்காதே. நீ போன் பண்ணினப்போ எடுக்க முடியலை. தொண்டைக்கு ஓய்வு குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்.

நீ வாசிச்சது ரொம்ப நல்லா இருந்துச்சு. சவுண்ட் இன்ஜினியரே அசந்துட்டார். அங்கங்கே கொஞ்சம் தட்டிச் சரி பண்ணுவாங்க, எல்லாருக்கும் பண்றதுதான். மாத்திரையை மறக்காதே. உங்க மலையூர்க் குளிருக்கு ஒரு ஜோடி கம்பளிக் கையுறை அனுப்பியிருக்கேன்.

அன்போட
கத்தி

*

மார்ச் 14

அன்புள்ள கத்திக்கு,

கையுறை அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. நீ இதுவரைக்கும் எனக்கு ஒரு டீ கூட வாங்கித் தந்ததில்லை. அதனால கொஞ்சம் பயமாவும் இருக்கு.

மூணாவது பாட்டுல ரெண்டு இடத்துல தடுமாறினேனே, அதை என்ன பண்ணினீங்க? கேட்டா பேச்சை மாத்தறே. பேருதான் எனக்குக் கம்பி, நீட்டறது நீ. விஷயம் ஏதாவது இருந்தா சொல்லிடு. நான் ஒண்ணும் உடைஞ்சு போயிட மாட்டேன். "எங்கப்பா வாசிச்ச ஆல்பம் வருது"ன்னு மகள் தெரு முழுக்கத் தண்டோரா போட்டுட்டா. அது வர்றதுக்குள்ள தெரிஞ்சா தேவலை.

கம்பி

*

ஏப்ரல் 2

கம்பி,

ஆல்பம் இதோட வருது. அட்டைக்குப் பின்னாடி "கிடார்: கம்பி"ன்னு பெரிய எழுத்துல போடச் சொன்னேன், பாரு. மூணாவது பாட்டு அழகா வந்திருக்கு. பேட்டிக்கு வண்டி வந்து நிக்குது. அப்புறம் விவரமா எழுதறேன்.

கத்தி

*

ஏப்ரல் 11

கத்திக்கு,

மகள் எல்லாரையும் ஹால்ல உட்கார வெச்சு ஆல்பத்தைப் போட்டா. முதல் பாட்டு ஆரம்பிச்ச உடனே தெரிஞ்சுது, அது என் கை இல்லை. யாரோ என்னை மாதிரியே, என்னை விட நல்லா வாசிக்கறாங்க. கடைசிப் பாட்டு வரைக்கும் தேடினேன். ஒரு இடத்துலயும் நான் இல்லை. முடிஞ்சதும் எல்லாரும் கை தட்டினாங்க. மாப்பிள்ளைக்குக் கண்ணே கலங்கிடுச்சு. நான் "தேங்க்ஸ்"னு சொன்னேன். உன் பொய்யில எனக்கும் ஒரு பங்கு குடுத்துட்டே.

என்னைத் தூக்கினது சரிதான். ஸ்டூடியோவிலேயே எனக்குத் தெரியும். நீயே சொல்லட்டும்னு ரெண்டு கடிதத்துல வழி விட்டுப் பார்த்தேன். மோசமா வாசிச்சா, மைக்கைக் கூடப் பொத்தாம "கேவலம்டா"ன்னு மேடையிலேயே சொன்னவ நீ. இந்தத் தடவை "ரொம்ப நல்லா இருந்துச்சு"ன்னே. நோயாளியைப் பார்க்க வந்தவங்க பேசற மாதிரி. அதைத்தான் என்னால தாங்க முடியலை.

என் பேரை எடுத்துடு. வாசிச்சவங்க பேரைப் போடு.

கம்பி

*

மே 5

கம்பி,

எத்தனையோ தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். வாசிச்சது ஒரு சின்னப் பொண்ணு. நம்ம பழைய பாட்டையெல்லாம் கேட்டு உன் கையைப் படிச்சவ. "அவர் பேரே இருக்கட்டும்"னு அவதான் சொன்னா. ஆனா சரின்னு தலையாட்டினது நான். அடுத்து அச்சாகற அட்டையில அவ பேர் வரும்.

நீ வாசிச்சது கேவலம்டா. ஸ்டூடியோவுல மூணு நாளும் கேவலம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். சட்டையெல்லாம் நனைஞ்சு, நீ திரும்பத் திரும்ப ஆரம்பிச்சே. சொல்ல எனக்கு வாய் வரலை. உன்னை நோகடிக்கக் கூடாதுன்னுதான் சொல்லலைன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். என் குரலும் நாலு பாட்டுல எட்டலை, கம்பி. மெஷின்ல போட்டு நிமிர்த்தினாங்க. உன் விஷயத்தைத் தொட்டா என்னோடதும் வெளிய வந்துடும்னு பயந்தேன். "இவர் குரலுக்கு வயசே ஆகலை"ன்னு பத்திரிகையில எழுதறாங்க. படிச்சதும் மடிச்சு ஒளிச்சு வெக்கறேன்.

அடுத்த மாசம் மேடை. மெஷின் கிடையாது. முன்வரிசைக்கு ஒரு டிக்கெட் இதோட வெச்சிருக்கேன். நான் பாடறது கேவலமா இருந்தா எழுந்து நின்னு சொல்லு. நீ வரலைன்னாலும், ஏன்னு கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

கத்தி

*

மே 16

கத்திக்கு,

உன் டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கேன்.

மகள்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். என்கிட்ட ரெண்டு நாள் பேசலை, உன் மேல இன்னும் கோபம் ஆறலை. பின்வரிசையில எனக்கும் அவளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துட்டேன். நீ குடுத்த ஓசி டிக்கெட்டுல உட்கார்ந்துக்கிட்டு உன்னைக் கேவலம்னு கத்த எனக்கு மனசு வராது.

கம்பி