அத்தான் சொன்ன வார்த்தை

வைகாசி 12, திங்கள்

காற்று. மேகம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஆஸ்பத்திரி வராந்தா.

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். அக்கா மகள் கோமதி சைக்கிள் முகாமில் முதல் ஆளாக வருவாள் என்றேன், வந்தாள். ஒரு நாள் விழுவாள் என்றேன், விழுந்தாள். காறை எலும்பு, அதுவும் இடது பக்கம் என்றுகூடச் சொன்ன ஞாபகம்.

மூன்று நாளாக எழுதவில்லை. சேர்த்து எழுதுகிறேன். வேறு வேலை இல்லை. கை எழுதுகிறது, உள்ளே ஒன்றும் ஓடவில்லை. என் கடைக்கு வரும், காயில் கம்பி எரிந்த மோட்டார் மாதிரி. சுவிட்சைப் போட்டால் உறுமல்கூட இல்லை.

வெள்ளி: சிவகிரிக்கு மேற்கே, அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. மலைச் சைக்கிள் பழக்கும் முகாம், மூன்று நாள். பதினேழு பிள்ளைகள் (தெருவில் அறுபது என்று சொல்லி இருக்கிறேன்). பழக்குகிறவள் நிவேதா, கோயம்புத்தூர்ப் பெண். பாரத்தில் ‘தந்தை / காப்பாளர்’ என்ற இடத்தில் நான்தான் கையெழுத்து.

“நீங்க அப்பாவுங்களா?”

“தாய்மாமன். எங்க பக்கம் அப்பனுக்கு ஒரு படி மேல. காது குத்துனதே என் மடியிலதான்.”

“சரிங்க. அந்த ஒரு படிக்கு பாரத்துல எடம் விடலீங்களே.”

படித்த பெண். சிரிக்காமலே பேசுகிறாள்.

கற்றவை:
- பிரேக்குக்கு ஒரு விரல் போதும்.
- இறக்கத்தில் சீட்டில் உட்காரக் கூடாது. முழங்கை வெளியே, குதிகால் கீழே.
- கல்லைப் பார்த்தால் கல்லில்தான் ஏறும். போகிற இடத்தைப் பார்.
- சஸ்பென்ஷன் என்றால் முன்பக்க ஸ்பிரிங். எனக்கு முன்பே தெரியும். (எங்கள் தெரு கிளார்க்குக்கு ஆனது வேறு சஸ்பென்ஷன்.)

நானும் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். மகனைக் கூட்டி வந்த இளையரசனேந்தல்காரர் ஒருவர் வேலி ஓரம் நின்று பார்த்தார்.

“வே, நீரு சைக்கிள ஓட்டுதீரா, அது உம்மள ஓட்டுதா?”

அந்தக் காலத்தில் கழுகுமலை வரை கையை விட்டுவிட்டு ஓட்டியவன் என்றேன்.

“அதான், இன்னும் பிடி கிடைக்காம திரியுதீரு.”

சனி: மரமேடை. சைக்கிளோடு வேகமாக மேலே ஏறி, அந்தரத்தில் பாய்ந்து கீழே இறங்க வேண்டும். ஆறடி உயரம். சரி, மூன்று. நிவேதா எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள்: “இது கட்டாயம் இல்லீங்க. வீட்ல கேட்டு, சரின்னாங்கன்னா மட்டும் நாளைக்குப் பண்ணலாம்.”

கோமதி என்னிடம் வந்தாள். “அப்பாட்ட கேளுங்க மாமா. அப்பா சொன்னா குதிக்கேன். இல்லன்னா வேண்டாம்.”

அத்தானுக்கு மும்பையில் முறுக்குக் கடை. வாரம் ஒரு போன். மகளிடம் “படிக்கியா?” அதோடு சரி. சைக்கிள் பேச்சை எடுத்தால் போனை அக்காவிடம் கொடுக்கச் சொல்லிவிடுவார். ஆனாலும் அவள் அவர் வாயிலிருந்துதான் கேட்க வேண்டும் என்கிறாள்.

மாமரத்துக்குப் பின்னால் போய் இரண்டு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. நான் அடித்தால் எடுப்பதில்லை. எடுத்திருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார். பெற்ற தகப்பன்தானே.

திரும்பி வந்து, “அப்பா சரின்னுட்டாரு. அவ எம் மக, பயப்பட மாட்டான்னாரு” என்றேன்.

“அப்பாவா? அப்படியேவா சொன்னாரு?”

“இதே வார்த்தை.”

அவள் முகத்தை எழுதத் தெரியவில்லை.

ஞாயிறு: முதல் தடவை சுத்தமாக இறங்கினாள். கைதட்டல். இரண்டாம் தடவை முன்சக்கரம் முதலில் தரையைத் தொட்டது. பெரிய சத்தம் இல்லை. ஹெல்மெட் இருந்தது. நிவேதா கையை அசையாதபடி கட்டினாள். வேனில் வந்தது ஞாபகம் இல்லை.

அக்கா மும்பைக்கு அடித்தாள். முதல் மணியிலேயே எடுத்தார். விழுந்துவிட்டாள் என்பதற்குமேல் அக்காவால் பேச முடியவில்லை. அவர் ரயில் ஏறிவிட்டார். நாளை மதியம் இங்கே.

வந்ததும் கோமதி சொல்வாள். அதைத்தான் யோசிக்கிறேன். யோசனையும் ஓடவில்லை.

அதே நாள், சாயங்காலம்

நர்ஸ்: “ஏட்டி, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேல?”

கோமதி: “எங்கப்பா சொல்லித்தான் குதிச்சேன்.”

பக்கத்துக் கட்டில் ஆட்களிடமும் சொல்லியாயிற்று. பிறகு என்னிடம், “அப்பா சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க மாமா.” இது ஐந்தாவது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வளர்கிறது. மூன்றாவதில் அத்தான் கடை ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னார். ஐந்தாவதில் அவருக்குக் குரல் கம்மியது. என்னால் நிறுத்த முடியவில்லை. அவளும் ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் செய்கிறாள்.

வைகாசி 13, செவ்வாய்

வெயில். இட்லி ஆறு. அக்கா தொடவில்லை, நான் ஐந்து.

அக்கா: “ஏலே, அவரு ஏதும் சத்தம் போட்டா நீ வாயத் தொறக்காத. போடவும் மாட்டாரு. சரின்னு சொன்னவருதான?”

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அத்தான் இறங்கியதும் முதலில் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். நன்றாகப் பேசுவேன். நாலு ஊர்ப் பஞ்சாயத்தில் பேசியவன்.

மதுரை பஸ்ஸில் வந்து இறங்கினார். தாடி வளர்ந்திருந்தது. “வாங்க அத்தான்.” பையை வாங்கிக்கொண்டேன். ஆட்டோவில் பத்து நிமிடம். வார்த்தை வாயில்தான் இருந்தது.

“பம்பாய்ல மழையா அத்தான்?”

“இல்ல.”

ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

கோமதி ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். “நீங்க சொன்ன மாதிரியே நான் பயப்படலப்பா. மொத தடவ சரியா எறங்குனேன். மாமாட்ட வேணா கேளுங்க.”

அத்தான் அவளைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு, “ஆமா தாயி, சொன்னேன்” என்றார்.

பெரிய மனுஷன். அவர் விட்டுக் கொடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

வைகாசி 14, புதன்

காற்று பலம். கடை திறந்தேன். குருவிகுளத்து மோட்டார் இரண்டு கிடந்தன, ஒன்று முடிந்தது. செம்புக் கம்பி வாங்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வேலை.

டீக்கடையில், “மருமவ எப்படி இருக்கா அண்ணாச்சி?”

மலை உச்சியிலிருந்து குதித்தாள், கோயம்புத்தூர்க்காரர்களே அசந்துவிட்டார்கள் என்றேன். எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். டீ குடித்தேனா என்று ஞாபகம் இல்லை. கிளாஸ் காலியாக இருந்தது.

மதியம் நிவேதா போன். எலும்பு கூடியதும் டாக்டரைக் கேட்டு மறுபடி ஓட்டலாமாம்.

“அப்பா வந்துட்டாருங்களா? என்ன சொன்னாருங்க?”

சந்தோஷப்பட்டார் என்றேன்.

அக்கா நாலு தடவை அடித்தாள். எடுக்கவில்லை.

வைகாசி 15, வியாழன்

காற்று இல்லை. இரண்டாவது மோட்டாரைத் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை எழுதியதில் ஒரு வரி நானாகப் போட்டது. அத்தான் “ஆமா” என்று சொல்லவில்லை. “நான் எப்பம்மா சொன்னேன்?” என்றார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “சனிக்கெழம மாமா ரெண்டு மிஸ்டு கால் கொடுத்திருக்கான். நான் பேசவே இல்லியே தாயி.”

கோமதி போனை வாங்கிப் பார்த்தாள். நேரம்கூடப் போட்டிருந்தது. ஆறாவது தடவை என்னைச் சொல்லச் சொல்லவில்லை.