ஆஸ்பத்திரியில் சேர்ந்த மகளுக்கு

சித்தூர்,
17-8-1979

அன்பு மகள் யூனிஸுக்கு நைனா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகம் அறிய ஆவல் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கைப்பழக்கத்தில் எழுதிவிடுவேன், இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். உன் அறைத்தோழி கிருபாபாய் எழுதிய கடிதம் நேற்று வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் டெல்லிக்குப் போனதும் "ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன், கவலை வேண்டாம்" என்று ஒரு கார்டு போட்டாயே, ஞாபகம் இருக்கும். நர்ஸ் வேலையில் சேர்ந்ததைத்தான் சொன்னாய். அதைப் படித்து உன் அம்மா அழுது, போதகர் வந்து ஜெபித்து, சபையில் பாதிப் பேர் உபவாசம் இருந்த பிறகுதான் கார்டின் மூலையில் உன் சம்பள விவரம் இருப்பதைக் கவனித்தேன். அதில் பாடம் கற்றுக்கொண்டோம். போன மாதம் "பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறேன், நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள்" என்று எழுதினாய் அல்லவா, இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று நானே எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன், உனக்கு மேல் உத்தியோகம் கிடைத்திருப்பதாக. ஆராதனையில் ஸ்தோத்திரம் ஏறெடுத்தோம். அம்மா அதிரசம் சுட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தாள். எதிர்வீட்டுச் சிட்டிபாபு மூன்றாவது அதிரசத்தை மென்றுகொண்டே, "பெரிய ஆஸ்பத்திரியா சார், இனிமே பாப்பா நம்மளையெல்லாம் கண்டுக்குமா" என்று கேட்டார். நீ சேர்ந்திருப்பது காமாலையோடு என்று நேற்றுதான் தெரிந்தது.  அதைக் கேட்ட அம்மா, "பொண்ணு அங்க படுத்துக்கினு கெடக்குது, நான் இங்க பாகு காச்சிக்கினு இருந்தேன்" என்றாள். 'சேர்ந்திருக்கிறேன்' என்ற வார்த்தையை நீ தெரிந்தேதான் போட்டாய் என்று எனக்குச் சந்தேகம். பொய் சொல்லாமல் உண்மையை மறைக்க அதைவிடப் பொருத்தமான வார்த்தை தமிழில் கிடைக்காது.

உங்கள் ஹாஸ்டல் தெருவில் குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடையும் ஒரே பள்ளத்தில் அண்ணன் தம்பி போல ஒற்றுமையாகப் போகின்றனவாம், மழை வந்ததும் ஒற்றுமை இன்னும் கூடிவிட்டதாம், வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேராம், கிருபாபாய் எழுதியிருக்கிறாள். அத்தனை நோயாளிகளுக்கும் காய்ச்சிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று உபதேசம் செய்துவிட்டு, ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று நீயே குழாயில் பிடித்துக் குடித்திருக்கிறாய். தேசத்துக்கே சட்டம் போடுகிற ஊரில் தண்ணீர் மட்டும் எந்தச் சட்டத்துக்கும் அடங்கவில்லை போலிருக்கிறது. சித்தூர் அவ்வளவு முன்னேறவில்லை. இங்கே குழாயில் தண்ணீரே வருவதில்லை, ஆகையால் கிருமியும் வருவதில்லை.

அம்மா கீழாநெல்லி பறித்து நிழலில் உலர்த்தியிருக்கிறாள். டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக்கூடாது என்று நீ சொல்வாய் என்றேன், அந்த டாக்டர் எந்தக் குழாயில் குடிக்கிறார் என்று கேட்டாள்.  பெட்டி கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள். இந்தி தெரியாதே என்றால், காமாலைக்கு என்ன பாஷை என்கிறாள். உன் பதில் வரும்வரைதான் என்னால் அவளை நிறுத்திவைக்க முடியும். மஞ்சள் இறங்கி வருகிறது, இரண்டு வேளை கஞ்சி குடிக்கிறாய் என்று கிருபாபாய் எழுதியிருக்கிறாள், அதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்குச் சாப்பாடு இறங்கும். எண்ணெய்ப் பண்டம் தொடாதே, கண் தெளியும்வரை டியூட்டி என்ற பேச்சே வேண்டாம். கர்த்தர் உன் படுக்கையருகே இருந்து உன்னைத் தேற்றி எழுப்புவாராக.

பதில் கார்டு இதோடு வைத்திருக்கிறேன், விலாசமும் எழுதியாயிற்று. ஒரே ஒரு வரி போதும், கட்டிலில் படுத்திருக்கிறாயா, கட்டில் பக்கத்தில் நிற்கிறாயா என்று எழுது. சேர்ந்திருக்கிறேன் என்று மட்டும் எழுதாதே.

உன் நைனா,
வேதநாயகம்