நரி இன்னும் சாப்பிடவில்லை

கடப்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ரேணுகாவுக்கு, அப்பா ஜெகதீசன் எழுதுவது.

நான் சொன்ன கதையில் நரிக்குத் தயிர்சாதம் போட்டது நீ செய்த தப்பு. புத்தகத்தில் என் பெயரை அச்சடித்ததால் அது சரியாகிவிடாது.

சின்ன வயதில் உனக்குச் சொன்னது நினைவிருக்கும். நரி வெளியே நின்று "சாப்ட்டியா?" என்று கேட்கும். ஆட்டுக்குட்டி உள்ளே இருந்தபடியே "நீ சாப்ட்டியா?" என்று திருப்பிக் கேட்கும். "இன்னும் சாப்பிடல" என்று பதில் வந்தால் தாழ்ப்பாளைத் தொடக்கூடாது. கதையே அவ்வளவுதான். உன் புத்தகத்தில் குட்டி கதவைத் திறந்து, இலை போட்டுப் பரிமாறுகிறது. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றாய். பயப்படட்டும் என்றேன். மளிகைப் பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த என் பேச்சை நீ கேட்கவில்லை. மிருகக் கதையில் சோறு வேடிக்கைக்கு வருவதில்லை. யாருக்கு யார் சோறு என்று சொல்லத்தான் அந்தக் கதைகளே இருக்கின்றன.

லீவுக்கு வந்த உன் மகள் சிநேகாவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. நுங்கு தடவுகிறேன். தட்டில் பாதிச் சோறு மிச்சம் வைக்கிறாள், வெயிலுக்குப் பசிக்கவில்லை என்று நினைத்துவிட்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அதைச் சவுக்குத் தோப்பு ஓரம் கொண்டுபோய் வைக்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பூவாயி நேற்று வந்து கத்தினாள். "அண்ணாத்த, உம் பேத்தி நரிக்கு சோறு வெச்சிகினு கீது. இன்னா கதெ சொல்லி வளக்குற? என் ஆட்டுக்குட்டிய காணோம். தயிர்சோறு துன்னுட்டு, தொட்டுக்க அத்த தூக்கினு போச்சா?"

சிநேகாவை உட்காரவைத்துப் பழைய கதையைச் சொன்னேன். "அம்மா புக்குல அப்படி இல்ல, நீங்க தப்பா சொல்றீங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

இன்று காலை பின்கதவு திறந்து கிடந்தது. தாழ்ப்பாளுக்குக் கீழே முக்காலி. ஈரமணல் ஒட்டிய கால்தடம் அடுப்படி வழியாக வந்து, அவள் பாயை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பிப் போயிருந்தது. தலைமாட்டில் தட்டு, கழுவி வைத்ததுபோல். அவளை எழுப்பி ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். கீறல் இல்லை. ஏன் திறந்தாய் என்று கேட்டேன்.

"கேட்டேன் தாத்தா. இன்னும் சாப்பிடலையாம்."

போனில் நரி என்றதுமே சிரிக்கிறாய். அதனால் பூவாயி மகன் சம்பத் கையில் இதைக் கொடுத்து முதல் பஸ்ஸில் அனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

தச்சர் தர்மராஜ் பொழுது சாய்வதற்குள் கதவு உச்சியில் இரும்புத் தாழ்ப்பாள் அடிக்க வேண்டும். பூவாயி மீதி ஆடுகளைக் கொட்டகைக்குள் கட்ட வேண்டும். நான் என் பாயைக் கதவுக்குக் குறுக்கே போட்டுக்கொள்ள வேண்டும். நீ சம்பத்துடனேயே பஸ் ஏற வேண்டும். வந்து, அந்தக் கதையை உன் வாயாலேயே அவளுக்கு மாற்றிச் சொல்ல வேண்டும். என்னை அவள் நம்பவில்லை. சொல்லும்போது நரியின் பசியைக் குறைக்காதே.

பிள்ளை நூறு வயது இருக்கட்டும்.

கதவருகில் இருக்கும்
உன் அப்பா